தேன்நிற மணல்

தேயிலை விளைகிற ஊரில் பொலிஸ் நிலையத்துத் தேநீர் இவ்வளவு மோசமாக இருக்கக் கூடாது. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தூள் பழசு, அவ்வளவுதான். உங்கள் எழுத்தர் கைக்குத் தகுந்தபடி மெதுவாகவே பேசுகிறேன். அவசரம் எனக்குப் பிடிக்காது.

என் பெயர் ஜெயரத்தினம். ஊர் சாவகச்சேரி. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பதினொரு வருடமாக மருந்து கொடுக்கிறேன். தொழிலாளர்கள் டாக்டர் ஐயா என்பார்கள். நான் டாக்டர் இல்லை. ஆரம்பத்தில் திருத்தினேன், பிறகு சலித்து விட்டுவிட்டேன்.

பழனியாண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். இளவயதில் பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் சரளை கழுவியவன். இரண்டு வருடத்துக்கு முன், 1954இல், எங்கள் ஆற்றில் அரித்தெடுத்த ஒரு பிடி மணலை என்னிடம் கொண்டுவந்தான். தேன் நிறம். அந்தக் கையளவுக்கு இருக்க வேண்டியதைவிடக் கனம் அதிகம்.

"மாணிக்கம் இல்லீங்கய்யா. ஆனா வெறும் மண்ணும் இல்லீங்க," என்றான்.

அது மொனசைட் என்று கொழும்பு வியாபாரி ஒருவர் சொன்னார். அதற்குள் சீரியம், லந்தனம் என்று சில அருமண் உலோகங்கள் உண்டு. சிகரட் லைட்டரில் பொறி பறக்கும் கல்லுக்கு அவை வேண்டும். மணலாகவே விற்றால் லொறிக்கூலிகூடத் தேறாது. பிரித்துப் பொடியாக்கிக் கொடுத்தால் விலை முப்பது மடங்கு. நெல் விற்கிறவனுக்கும் சோறு விற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். சோறு விற்பது என்று தீர்மானித்தேன்.

முறை கடினமில்லை. மணலை இரும்பு உரலில் மாவாக இடித்து, கந்தக அமிலத்தில் பல மணி நேரம் வேகவைத்தால் சாம்பல் நிறக் களியாகும். அந்தக் களியைக் குளிர்ந்த தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இந்த உப்புகளுக்குத் தலைகீழ்ச் சுபாவம், சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். கொழும்பில் செய்கிறவன் ஐஸ் வாங்கியாக வேண்டும். எங்கள் ஆற்றில் விடியற்காலையில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும், அதற்கு யாரும் பணம் கேட்பதில்லை. தெளிந்த நீரில் ஒக்சாலிக் அமிலத்தைப் போட்டால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். கழுவிச் சுட்டால் மண்ணிறப் பொடி.

கைவிட்ட மாட்டுக் கொட்டிலில் அடுப்பு போட்டோம். மூளை என்னுடையது, உடம்பு அவனுடையது. அது நியாயமான பங்கீடு என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு வருடத்தில் அமிலப் புகையில் அவன் முன்பற்கள் கரைந்து கட்டையாகிவிட்டன. இருமலும் வந்தது. அதற்கு நான் இலவசமாக மருந்து கொடுத்தேன்.

போன மாதம் அவனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அப்பன் எங்கே பிறந்தான் என்று காட்ட அவனிடம் காகிதம் இல்லை. மறுநாள் மணலை ஒரு போத்தலில் அடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"இத கொழும்புல கவர்மெண்டு ஆபீசுல காட்டப் போறேனுங்க. நாட்டுக்கு இம்புட்டுப் பெரிய சாமானக் கண்டுபுடிச்சுக் குடுத்தவன இந்தியாக்காரன்னு சொல்லுவாங்களா? எனக்கும் நாகலெட்சுமிக்கும் பிரஜாவுரிம குடுத்துருவாங்க."

"அனுமதியில்லாமல் அள்ளினதுக்கு உன்னை மறியலில்தான் அடைப்பார்கள்," என்றேன்.

"மறியல்ல போட்டாலும் இந்த நாட்டு மறியல்தானுங்களே," என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பயமும் வந்தது. அவன் வாய் திறந்தால் என் வேலை போகும், மறியலும் எனக்குத்தான். திங்கட்கிழமை ஹட்டனில் ரயிலேறுவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை வயிற்றுப்பூச்சி மருந்து குடித்துவிட்டுப் போ என்றேன். "சரிங்கய்யா" என்றான். அவன் மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

தோட்டங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து நாள். பூச்சி மருந்தைக் குடித்த பிறகு, வயிறு போவதற்குப் பேதி உப்பு கரைத்த ஒரு குவளை. அதை வாயில் அடக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் துப்புகிறவர்கள் நிறைய. ஆகவே ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். என் கண்முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.

பேதி உப்பும் ஒக்சாலிக் அமிலமும் பார்வைக்கு ஒன்றுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒருவன் மட்டும் செத்தால் ஏன் அவன் என்று கேட்பார்கள். நான்கு பேர் செத்தால் மருந்துத் தகரம் மாறிவிட்டது, மருந்துக்காரனின் கைத்தவறு என்பார்கள். தோட்டத்துத் துரை திட்டுவார், வேறு தோட்டத்துக்கு மாற்றுவார். தவறு செய்தவனைத் தூக்கில் போடுவதில்லை.

மற்ற மூவரையும் கண்டபடி சேர்க்கவில்லை. அம்மாக்கண்ணுக்கு அறுபது தாண்டிவிட்டது, கொழுந்துக் கூடையைத் தூக்கவே தடுமாறினாள். கந்தப்பனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. நாகலெட்சுமி பழனியாண்டியின் மனைவி. அவள் இருந்தால் காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள், தனியாகக் கஷ்டமும் படுவாள். நால்வரையும் வரிசையில் கடைசியாக நிறுத்தினேன். அவர்களுக்கு வேறு குவளைகள்.

அம்மாக்கண்ணு முகத்தைச் சுளித்தாள். எல்லாரும் சுளிப்பார்கள். குடித்து, வாயைத் திறந்து காட்டினாள். கந்தப்பன் ஒரே மடக்கு. நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கோயிலுக்குப் போகணும், வயிறு நிக்குமாங்கய்யா?" என்று கேட்டாள். நிற்கும் என்றேன்.

பழனியாண்டி ஒரு வாய் எடுத்தான். விழுங்கவில்லை. என்னைப் பார்த்தான். துப்பிவிட்டு மனைவியின் தொண்டைக்குள் விரலைவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது ஹட்டன் வழியில் லொறியிலேயே அவள் உயிர் போய்விட்டது. மற்ற இருவரும் அதற்கு முன்பே.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அந்த வெள்ளை மண்டியை ஒக்சாலிக் புளிப்பு முழுதும் போகும்வரை கழுவ வேண்டும். புளிப்பைக் காட்ட ஒரு நீலத் தாள் உண்டு. கொழும்பிலிருந்து வர வேண்டும், வீண் செலவு. ஒவ்வொரு கழுவலிலும் ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க அவனைப் பழக்கியிருந்தேன். ஒன்றரை வருடம் அவன் நாக்குதான் எனக்குத் தாள்.

மூன்று பேருக்கும் தெரிந்தே கொடுத்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் பழனியாண்டி இன்று உயிரோடு நடமாடுவது நான் கற்றுக்கொடுத்த தொழிலால். அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். எழுத்தர் அதையும் எழுதிக்கொள்ளட்டும்.