கூரை தொறந்த வண்டி

அதக் கழட்டாதீங்கண்ணே, அங்கயே இருக்கட்டும். அந்தப் பொட்டிக்குத்தான் நம்ம மொதலாளி மாலிக் நம்மளவிட மரியாத குடுக்குறாரு. இருபது வருஷம் எம்பசி வண்டி ஓட்டுன ஆளு நீங்க, ஒங்களுக்கு ஜிபிஎஸ் எதுக்குன்னுதானே கேக்குறீங்க? ஆல்பர்ட் அண்ணனுக்குத் தெரியாத டெல்லி ரோடு இல்லன்னு எனக்கும் தெரியும். வழி தெரியறதுக்கு இல்லண்ணே அது. சொல்றேன், மொதல்ல உள்ள உக்காருங்க. நாளையிலேருந்து இது ஒங்க வண்டி, நான் இன்னியோட கெளம்பறேன்.

இந்தா, இந்தப் பட்டன அமுக்கிப் புடிச்சா கூரை மடிஞ்சு பின்னால போயிடும். எங்கியோ குளிர் நாட்டுல, காத்து வாங்கிகிட்டுப் போறதுக்குச் செஞ்ச வண்டி. இங்க இந்த வெயில்ல, இந்தப் புழுதியில, இதத் தொறந்துகிட்டு எவன் போவான்? கல்யாண மாப்ளதான் போவான். குதிரைக்குப் பதிலா இது. பின் சீட்டு மேல ஏறி உக்காந்துகிட்டு அவரு கைய ஆட்டுவாரு, முன்னால டோலு மேளம் அடிச்சு அவரு ஆளுங்க ஆடுவாங்க, நாம நடக்கற வேகத்துல உருட்டிகிட்டே போவணும். அதான் பராத்து, நீங்க பாக்காததா.

கூரை தொறந்தா இந்த ஸ்கிரீன் செத்துடும், அது மொதல் விஷயம். நேரா வெயில் அடிக்குமா, மேப்பும் தெரியாது, கோடும் தெரியாது, ஒங்க மூஞ்சிதான் தெரியும். அதுக்குத்தான் இந்த அட்டைய வெட்டி மேல ஒட்டி வச்சிருக்கேன், பிச்சிடாதீங்க. பதினோரு மணிக்கு மேல சூடேறி அதுவா அணைஞ்சிடும். ஒரு ஈரத்துணி வச்சிகிட்டு பின்பக்கம் தொடச்சு விட்டா திரும்ப உயிர் வரும். மெட்ரோ பாலத்துக்கு அடியில போறப்ப நாம எங்க இருக்கோம்னு மறந்துடும், பயப்படாதீங்க, வெளிய வந்தா ஞாபகம் வந்துடும்.

அடுத்தது சத்தம். பொட்டிக்குள்ள இருக்கற பொம்பள லெஃப்ட்ல திரும்பு, ரைட்ல திரும்புன்னு ஹிந்தியில சொல்லிகிட்டே இருப்பா, காத்துல ஒண்ணும் கேக்காது. ஒரு காதுல இயர்போன மாட்டிகிட்டு அது மேல தலப்பாவக் கட்டிடுங்க. போன் வந்தாலும் அதுலயே பேசிக்கலாம். தலப்பா கண்டிப்பாக் கட்டணும்ணே, மாலிக்கோட ரூலு. ரோஸ் கலரு, மாப்ள வீட்டுக்காரங்க கட்டுற அதே துணி. இல்ல, நான் கட்டிக் காட்டல. டிக்கியில இருக்கு, அப்புறம் எடுத்துத் தரேன், நீங்களே கட்டிக்குங்க.

சிக்னல்ல நின்னா ஒரு கை ஸ்கிரீன் மேலயே இருக்கட்டும். பைக்குல வர்றவன் போற போக்குல புடுங்கிட்டுப் போயிடுவான். பஸ்ஸுல இருக்கறவன் மேலேருந்து போட்டோ எடுப்பான், துப்பவும் துப்புவான். எம்பசி வண்டியில ஒங்க மூஞ்சிய இருபது வருஷத்துல எவனாவது பார்த்திருப்பானா? இதுல அப்படி இல்ல. ரோட்டுல நிக்கிற அத்தன பேரும் பாப்பான், குனிஞ்சு ஒளியக்கூட எடமில்ல.

இப்ப சீட்டுக்கடியில கைய விடுங்க. தீப்பெட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதா? அதான் சமாச்சாரமே. மேல இருக்கறது நமக்கு வழி காட்டும், கீழ இருக்கறது நாம எங்க இருக்கோம்னு அவருக்குக் காட்டும். அவரு போன்ல ஒரு நீலப் புள்ளியா ஊர்ந்துகிட்டே இருப்போம். கோட்ட விட்டு அந்தாண்ட போனா போன். ரெண்டு நிமிஷம் நின்னா போன். ஒருக்கா சாய் குடிக்க நிறுத்தினேன், டம்ளர் கைக்கு வர்றதுக்குள்ள, க்யா ஹுவா பையா, வண்டி ஏன் நிக்குதுன்னு கேக்குறாரு. பையா, அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு, அதுல ஒண்ணும் கொறை வைக்க மாட்டாரு.

இவ்ளோ நெளிவு சுளிவு தெரிஞ்சிகிட்டு ஏன் விட்டுட்டுப் போறேன்னா? நரேலா தூரம்ணே. எங்க மதராசி கேம்ப்ப, நம்ம தமிழாளுங்க குடிசைங்கள, இடிச்சாங்கள்ல, அதுக்குப் பதிலா எங்களுக்கு அங்க நாலாவது மாடியில கவர்மெண்டு வீடு ஒண்ணு கெடச்சிருக்கு. அங்கேருந்து இந்தக் கோட்லா வரணும்னா ரெண்டு பஸ்ஸு, ரெண்டர மணி நேரம். காலைல ஆறு மணிக்குப் பூக்காரன் வந்து நிப்பான், நான் எப்படி வர? முன்னெல்லாம் கேம்ப்லேருந்து நடந்தே வந்துடுவேன். என் பொண்டாட்டி இளவரசிக்கு ஜங்புராவுல மூணு வீட்டுல வேலை இருந்துச்சு, அதுவும் போச்சு. அதான் காரணம். மாலிக்கிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன்.

அச்சா, இன்னொண்ணு இருக்கு, இத வேற யாரும் ஒங்களுக்குச் சொல்லித் தர மாட்டாங்க. பாராபுல்லா தெரியும்ல, மேல ஃப்ளைஓவரு, கீழ சாக்கடைய ஒட்டி ஒரு சின்ன ரோடு. நாம மேல போறோமா கீழ போறோமான்னு இந்தப் பொட்டிக்குத் தெரியாது. சாட்டிலைட்டு எங்கியோ வானத்துல இருக்கு, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஃப்ளைஓவர்ல ஏறாம கீழயே போனாலும் மாலிக் போன்ல புள்ளி சரியான கோட்டுலதான் போவும். எனக்கு எப்படித் தெரியும்னா? போயிருக்கேன், ஒரே ஒரு தடவ.

எங்க கேம்ப்ப இடிச்ச அன்னிக்கு.

நோட்டீஸ் முன்னாடியே வந்துச்சு. தேதி தெரிஞ்சதும் மாலிக்கிட்ட லீவு கேட்டேன். சீசன் பையா, அன்னிக்கு சர்தார் வீட்டுக் கல்யாணம், காலையிலயே குருத்வாரா, போறதுன்னா போ, அப்புறம் இங்க வராதன்னாரு. வீடும் போயி வேலையும் போனா நான் எங்க போறது? ஏழு மணிக்கு இளவரசி போன் பண்ணா. புல்டோசர் வந்துடுச்சு, நீ வான்னா. நான் குர்காவ்ன்ல இருக்கேன், மாப்ள வண்டியில ஏறிட்டாரு, வர முடியாதுன்னேன். அப்ப எங்க இருந்தேன் தெரியுமா? இதோ, இதே எடத்துலதான். பூக்காரன் பானெட்டுல ரோஜா ஒட்டிகிட்டிருந்தான், நான் தலப்பா கட்டிகிட்டிருந்தேன். அப்படிப் பாக்காதீங்கண்ணே. பக்கத்துலதான் இருக்கேன், ஆனா வர மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல.

எட்டு மணிக்குக் கெளம்பினேன். நிஜாமுதீன்ல போயி மாப்ளய ஏத்தணும், வண்டியில நான் மட்டும்தான். ஃப்ளைஓவர்ல ஏறுன்னு அந்தப் பொம்பள சொல்றா, நான் கீழ எறக்கிட்டேன். ஓரமா நிறுத்துவோம், மூட்டைய பின் சீட்டுல போட்டு இளவரசியையும் எங்க பாப்பாவையும் ஏத்திக்குவோம், எங்கியாவது மர நெழல்ல எறக்கி விட்டுட்டுப் போயிடுவோம். பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல எவனோட கல்யாணம் நின்னுடப் போவுது? இதத்தான் நெனச்சிகிட்டுப் போனேன், சத்தியமா.

அங்க தடுப்பு வச்சிருந்தாங்க, நின்னேன். எங்க சந்து மொனை நல்லாத் தெரியுது. பாதி வீட்டக் காணோம். எங்க வீட்டுல சமையல் பக்கத்துச் சுவரு மட்டும் நிக்குது, போன தீவாளிக்கு நான் அடிச்ச பச்சைப் பெயிண்டு. ரோட்டோரம் கட்டிலப் போட்டு அது மேல மூட்டைங்கள அடுக்கி வச்சிகிட்டு இளவரசி நிக்குறா, அவ பக்கத்துல பாப்பா. சாமானுக்குக் காவல் இருக்கணும்ல, ரெண்டும் வெயில விட்டு நகர முடியல. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு பஸ் நீளம்கூட இருக்காது. வாயத் தொறந்து கூப்பிடப் போறேன், காதுல போன் அடிக்குது. க்யா ஹுவா பையா, ஏன் நிக்குதுன்னாரு.

ரெட் லைட் ஜீன்னேன்.

அங்க ஏதுண்ணே லைட்டு? அந்த ரோட்டுல லைட்டே கெடையாது. பொய் சொல்லிட்டேன்ல, அப்புறம் லைட்டு மாறித்தானே ஆவணும், வண்டி நகந்துதானே ஆவணும்.

பாப்பாதான் மொதல்ல பார்த்துச்சு. செவப்பு வண்டி, மேல பூரா ரோஜா, கூரை இல்ல, ரோஸ் தலப்பா கட்டிகிட்டு ஒருத்தன். பாக்காம எப்படி இருக்கும்? கைய தூக்குச்சு. இளவரசி அந்தக் கையப் புடிச்சுக் கீழ எறக்கி விட்டா. அவ வேற பக்கம் பாத்துகிட்டிருந்தா, என்னப் பாக்கலன்னு நான் நெனச்சிகிட்டேன். அப்படி நெனச்சாத்தான் ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்க முடிஞ்சுது. கல்யாண வண்டின்னதும் தடுப்ப நவுத்திட்டாங்க. வழியில மூட்டையோட நின்ன எங்க ஆளுங்கள ஓரமாப் போகச் சொல்லி எனக்கு வழி விட்டாங்கண்ணே. எல்லாம் தெரிஞ்ச மொகம், பக்கத்துச் சந்து, எதுத்த வீடு. எல்லாரும் ஒதுங்கிகிட்டாங்க. மாப்ளய டயத்துக்கு ஏத்திட்டேன். அன்னிக்கு மாலிக்குக்கு ரொம்ப சந்தோஷம், ஒரு நிமிஷம் லேட் இல்ல பையான்னு தோள்ல தட்டுனாரு.

தூரம் ஒரு காரணமாண்ணே? அவனவன் பெனாரஸ்லேருந்து வந்து இந்த ஊருல வண்டி ஓட்டுறான். நரேலாலேருந்து வர முடியாதா?

சாயந்திரம் போனேன், அதே கட்டில் மேல உக்காந்திருந்தா. குர்காவ்ன்ல செம டிராபிக்குன்னு நானாத்தான் ஆரம்பிச்சேன். சண்ட போடுவான்னு பார்த்தேன், போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். எங்க இருந்தேன்னும் கேக்கல. யாரோ குடுத்த சோறு ஒரு தட்டுல மூடி வச்சிருந்தா, என் பக்கம் நகத்துனா. நான் ரெண்டு வாய் சாப்பிட்ட பெறகு சொன்னா, அந்தத் தலப்பா ஒனக்கு நல்லா இருந்துச்சுன்னு. அவ்ளோதான். நரேலா போயி மூணு வாரம் ஆவுது. பேசாமலும் இல்ல, தண்ணி வந்துச்சு, கேஸ் தீந்துடுச்சு, எல்லாம் சொல்றா. பாப்பாதான் என்னப் பார்த்தா கைய தூக்கறதில்ல.

ரெண்டு தடவ கேட்டீங்களே, கட்டிக் காட்டுன்னு. இந்தாங்க, நீங்க கட்டுங்க. டைட்டாக் கட்டணும், இல்லன்னா காத்துல அவுந்துடும். கண்ணாடி எதுக்குண்ணே, அந்த அட்டையத் தூக்கிட்டுப் பாருங்க, வெயிலுக்கு ஸ்கிரீன்லயே ஒங்க மூஞ்சி தெரியும்.