முப்பத்தோர் ஆண்டுகள் மழை பெய்வித்த நெவேனா அக்காவுக்கு

ப்ளோவ்டிவ் நகரத்துக் காதல் தோல்விப் பாடல்களுக்கெல்லாம் கண்ணீர் வழங்கிய கருணைக் கடலே! வானம் வறண்டபோதும் குழாய் வழியே கொட்டித் தீர்த்த கார்முகிலே! எங்கள் படப்பிடிப்புக் கூடத்திலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் அரங்கப் பொருள் பொறுப்பாளர் நெவேனா அக்கா அவர்களே, வணக்கம்!

பிரிந்தவள் பாடினால் சன்னலில் மழை வேண்டும். மறந்துவிட்டாள் என்றால் கூந்தல் குட்டையாக வேண்டும், சிவப்புக் கார் சீறிக் கிளம்ப வேண்டும். பாடகிகள் மாறினார்கள், இந்த இலக்கணம் மாறவில்லை. மழையும் கத்தரிக்கோலும் காரும் நேரம் தவறாமல் வந்து நின்றது தங்கள் கைவண்ணமே!

ஆயினும் அந்த மார்ச் மாதக் காலையை எங்ஙனம் மறப்போம்! பாடகி ருமியானா காதலனின் படத்தைக் கொளுத்த வேண்டிய காட்சி. வைத்திருந்த படமோ மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. தாங்கள் கைப்பையைத் திறந்து, தங்கள் கணவர் போயானின் படத்தை நீட்டினீர்கள்.

“இவரு உங்க வீட்டுக்காரராச்சே அக்கா!” என்று பதறினார் இயக்குநர் காமென்.

“நேத்து வரைக்கும். காலைல பெட்டியத் தூக்கிட்டு வார்னாவுக்குப் போயிட்டாரு, பல் டாக்டரம்மாவோட. நீ கொளுத்தச் சொல்லு.”

வீட்டுக்குப் போகச் சொன்னோம், மறுத்தீர்கள். ருமியானா ஏழு முறை தீக்குச்சி கிழித்தும் ஈரக் காற்றில் அவர் மீசைகூடக் கருகவில்லை.

“பாத்தியாடி? வீட்லயும் இப்படித்தான். ஒரு வேலை சொன்னா செய்ய மாட்டாரு!” என்றீர்கள்.

ருமியானா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கண்மை கன்னமெல்லாம் வழிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அழுகையென்று நம்பி நாடே சேர்ந்து அழுதது! தாங்களும் சிரித்தீர்கள். பிறகு மழைக் குழாயின் பம்பை நிறுத்தாமல், நெடுநேரம் அந்த மழைக்குள்ளேயே நின்றீர்கள்.

பாடல் வெளியானதும் போயான் தொலைபேசியில் குதித்தார்: “ஊரே பாக்க எனக்குத் தீ வச்சிட்டியே!”

“வச்சேன். நீ எங்க எரிஞ்ச?” என்று போனை வைத்துவிட்டீர்கள்.

தாங்களும் கூந்தலை வெட்டிக்கொள்வீர்களென்று காமென் காத்திருந்தார். வெட்டவில்லை. நெடுநாள் கழித்து, பீன்ஸ் சூப் குடித்தபடி ஒரு மதியம் அவரிடம் சொன்னீர்கள்: “உன் பாட்டுல மூணு நிமிஷத்துல மறந்துடறாளுங்க. எனக்கு மூணு வருஷம் ஆச்சுடா.”

மறுவாரப் பாடலில் முதன்முறையாகக் கார் கிளம்பவில்லை. நாயகி அடுப்படியில் அமர்ந்து சூப் குடித்தாள், அவ்வளவே. அதற்கும் நாடு அழுதது, இம்முறை உண்மையாகவே.

பெருந்தகையே! கடற்கரையில் காலார நடந்து, பகலெல்லாம் படுத்துறங்கி, நோயின்றி நூறாண்டு வாழ்க!

தங்களை வழியனுப்ப மனமில்லாத,
ஒளி, ஒலி, ஒப்பனைப் பிரிவுத் தோழர்கள்