ஓரத்தில் இரண்டு அட்டை, நடுவில் ஒரு திருகு

கண்ணாடி துடைக்க ஈரத்துணியைவிடப் பழைய செய்தித்தாள்தான் நல்லது, சார். கோடு விழாது. பிள்ளை பெற்ற அம்மாக்களின் உடம்பைச் சீரமைத்துத் தரும் அந்தக் கிளினிக்கில் நான் பராமரிப்பு ஆள். பல்பு, குழாய், கண்ணாடி எல்லாம் என் பொறுப்பு.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "சும்மா விசாரிக்கத்தான் வந்தோம்." விலைப்பட்டியலை நீட்டுவோம். வயிற்றுத் தோலை இழுத்துத் தைப்பது, இடுப்புக் கொழுப்பை உறிஞ்சுவது, இரண்டும் சேர்த்துச் செய்துகொண்டால் தொடைக்குத் தள்ளுபடி. படித்துச் சிரிப்பார்கள். சும்மா வந்தவர்கள் சும்மாவே போய்விடுவார்கள்.

ஒருநாள் முதல் அறையில் ஆளுயரக் கண்ணாடியை மாட்டும்போது ஓரங்களில் அட்டை செருகி, நடுத்திருகைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கிவிட்டேன். மெல்லிய கண்ணாடி. நூலளவு உள்வாங்கியது. முன்னால் நின்றால் ஆள் நான்கு விரல் கூடுதல் அகலம். அன்று சும்மா வந்த ஆறு பேரில் ஐந்து பேர் அறுவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, "உனக்குக் கைராசிப்பா" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படவும் இல்லை.

தையல் பிரித்தபின் பார்த்துக்கொள்ள இரண்டாவது அறை. அங்கே அட்டை நடுவில், திருகு ஓரங்களில். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அங்கே எல்லோரும் கொடியிடை.

பிறகு என் அக்கா வந்தாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, கையில் நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா. தன் வயிற்றுக்கு அவள் வைத்திருந்த பெயர் மெத்தை. குழந்தை அதில்தான் தூங்கும். தலை சீவ முதல் அறைக்குப் போனவள் சீப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், நான் நிஜமாவே இப்படியா இருக்கேன்?"

"கண்ணாடி பொய் சொல்லுமாக்கா?"

"வீட்டுக் கண்ணாடியில இப்படித் தெரியலையேடா."

"அது பழசு. உன்மேல அதுக்குப் பாசம்."

நல்ல ஜோக். அவள் சிரிக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். 'அட்டை', மூன்றே எழுத்து. ஆனால் மற்ற அம்மாக்களுக்குச் சொல்லாமல் சொந்த அக்காவுக்கு மட்டும் சொல்வது பாரபட்சம். எனக்கு அது பிடிக்காது.

ஊழியர் குடும்பம் என்று சீக்கிரமே தேதி கொடுத்தார்கள். அறுவை முடிந்து ஆறு வாரம் குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்கள். அது என் வயிற்றில் படுத்துப் பார்த்துவிட்டு, மெத்தை சரியில்லை என்று அழுதது. இரண்டாவது அறையில் அக்கா தன்னைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். உண்மையிலேயே அழகாக இருந்தது, சார்.

வீட்டுக்குப் போனதும் முகம் விழுந்துவிட்டது.

"பாசமான கண்ணாடியிலயே இவ்ளோ தெரியுதுன்னா, நிஜத்துல எவ்ளோடா இருக்கும்?"

பதில் என்னிடம் இருந்தது. மூன்றாம் மாதம் இரண்டாவது அறுவைக்கு நானே தேதி வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தையலில் சீழ் வைத்து, அது ரத்தத்தில் ஏறிவிட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். போனதும் முதலில் பார்த்தேன், அங்கே கண்ணாடியே கிடையாது. குழந்தையை உள்ளே விட மாட்டார்களாம்.

எல்லாம் நான் செய்ததுதான். ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஃபைலுக்கு என்னைப் போட்டோ எடுப்பதானால் இரண்டாவது அறைக்கு வாருங்கள், சார். அந்தக் கண்ணாடியில் தெரிகிறவன்தான் நான். அவன் யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை.