தபசு முடியட்டும்ணே

சாமி, எனக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தபடியே பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இந்த முறை ஒரே பாவம்தான்: பொறுமையின்மை.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டை ஒட்டியிருந்தது ஸ்டானிஸ்லாஸின் பலகை வீடு. ரயில்வே பட்டறைக்காரர், நல்ல மனுஷர். மனைவி மகதலேனாவின் சீதன வீடுதான் அது. ஆனாலும் பதில் சொல்வது அவர்தானே. நாற்பத்து மூன்றாம் வருஷம், தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாள் வீட்டை விலைக்குக் கேட்டேன்.

"தபசு நாள்ல வாங்குறது விக்கிறது பேசமாட்டேன்னு நேர்ந்திருக்கேன். தபசு முடியட்டும்ணே, பாப்போம்லா" என்றார்.

நம் ஆட்கள் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். தெரியாதவனா நான்? இருந்தும் பொறுத்தார் பூமி ஆள்வார் என்று இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கேட்டேன். சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்போது ஜப்பான்காரன் என்னைத் தெருத் தலைவனாக வைத்திருந்தான். பெரிய வியாழனன்று, சயாமில் ரயில் பாதை போட எங்கள் தெருவிலிருந்து ஓர் ஆளின் பெயர் கேட்டான். யாரையாவது எழுதத்தானே வேண்டும்? ரயில் வேலை தெரிந்தவர் என்று ஸ்டானிஸ்லாஸை எழுதினேன். அதில் பொய் ஒன்றுமில்லை. மறுநாள் சிலுவைப்பாதை முடிந்து வந்தவரை லோரியில் ஏற்றினார்கள்.

மகதலேனா ஓடிவந்தாள். "அண்ணே, நீங்கதான் யாருகிட்டயாவது பேசி அவர கொண்டாரணும்."

"பேசுறேன் தங்கச்சி. முதல்ல வீட்டு விஷயத்த முடிச்சிருவோம்."

அவள் தாமதிக்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். இப்போது கிள்ளானில் அக்காள் வீட்டில் இருக்கிறாள். நானும் யாரிடமாவது பேசியிருப்பேன். அதற்குள் வீட்டுக்குச் சாயம் அடிக்கும் வேலை வந்துவிட்டது.

சயாமில் அவரோடு பாதை போட்டுத் திரும்பிய சபாபதி போன வாரம் என்னைத் தேடி வந்தார். ஸ்டானிஸ்லாஸ் அங்கே காலராவில் போய்விட்டாராம். சாகுமுன் எனக்கொரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார்: "கிரிகரி அண்ணனுக்கே குடுக்குறதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். தபசு முடியுற உயிர்த்த ஞாயிறன்னிக்கு, பூசை முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்."

அட கடவுளே, பெரிய வியாழனிலிருந்து மூன்றே நாள் சாமி. வாயைத் திறந்து முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார், பாவம். சில பேர் தாமதத்தாலேயே கெட்டுப்போகிறார்கள்.

ஆக, பொறுமையின்மை. அபராதமாக எத்தனை ஜெபம் என்று சொல்லுங்கள், சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், அந்த வீட்டை மந்திரிக்க உங்களைக் கூப்பிட்டு ஒரு மாதமாகிறது. நீங்களும் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.