ஐயாவின் தோற்பையில் இருக்கும் தட்டு

அந்தத் தட்டைத் தாருங்கள், ஐயா.

இந்த ஒரு வரியை மட்டும் எழுதக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளின் பாராட்டு மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்த பிரதம லிகிதர் வினாயகமூர்த்தி அவர்கள், “இஞ்ச பாரு பிள்ள, உனக்குத் தமிழ் நல்லா வரும். வாவி, நிலா, முத்து, பவளம் என்னத்தையும் போடு. மறுகா அந்தத் தட்ட மட்டும் கேட்டுராத” என்றார். ஆகவே அதை முதலிலேயே கேட்டுவிட்டேன். இனிப் பாராட்டலாம்.

வாவிக்கரைக் கூட்டுறவுச் சமாசத்தின் பதிவறையை முப்பத்தொரு வருடம் தாங்கிய தகைமையே! பேசாத பெட்டியைப் பேசவைத்த பேராற்றலே! பெருங்கடல் தின்ற பெயர்களை அதன் வாயிலிருந்து பிடுங்கி வந்த பெருந்தகையே! உயர்திரு க. சீனித்தம்பி ஐயா அவர்களே!

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கில் வைக்கோல் பொதிந்த பெட்டியில் ஒரு சிறு கணினி நம் சமாசத்துக்கு வந்திறங்கியபோது, அதைத் தொட அஞ்சியவர்கள் நடுவே தொட்டவர் தாங்கள்! இரண்டு வாய் கொண்ட அந்தப் பெட்டி, இடது வாயில் இயங்குதளப் புளொப்பித் தட்டையும் வலது வாயில் அங்கத்தவர் பெயர்த் தட்டையும் கவ்விக்கொண்டு முனகும். பச்சை எழுத்துகள் கண்ணாடிக்குள் மிதந்து வரும். யன்னல்வழியே வாவியின் வெளிச்சம் முகட்டில் அலையும். பனிச்சங்கேணியின் தோணிக்காரரும் வெல்லாவெளி வயல் வட்டைகளின் கமக்காரரும், அவர்தம் மனைவி மக்களும், வீடு வீடாக அந்தப் பச்சை வெளிச்சத்தில் குடியேறினார்கள். கனவுக்குள் ஓர் ஊரைக் கட்டினீர்கள் ஐயா!

ஊர் பெருகியது, யுத்தத்தில் பாதை மூடியது. கொழும்பிலிருந்து ஒரு புளொப்பிகூட வராத காலத்தில் தாங்கள் செய்த காரியத்தை இச்சபையில் பலர் அறியார். அந்த இயங்குதளம் ஒவ்வொரு தட்டிலும் முதல் மூன்று தடங்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். பெயர்த் தட்டில் அவை வெறுமனே கிடக்கும். தாங்கள் அதன் வயிற்றைத் திறந்து, தட்டின் அளவுகள் எழுதப்பட்ட சிறு அட்டவணையைத் தேடிப் பிடித்து, அதில் ஓர் எண்ணை மாற்றினீர்கள். வெறுமனே கிடந்த தடங்களிலும் மனிதர் குடியேறினர். தட்டொன்றுக்கு இருநூற்றைம்பது பேர் கூடுதலாக! வறுமையிலும் இடம் கண்ட வள்ளலே! ஆனால் அன்றுமுதல் எங்கள் தட்டுகளை உலகில் வேறெந்த இயங்குதளமும் வாசிக்காது. மாற்றிய எண்ணைத் தாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. அது இருந்தது ஒரே ஒரு தட்டில். நாங்கள் அதை ‘ஐயாட தட்டு’ என்றோம்.

இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் வந்தது. மேல்மாடியில் கணினியும் அதன் வாய்க்குள் ஐயாட தட்டும் பிழைத்தன. கீழே இரும்பு அலுமாரியில் நாற்பத்தொரு பெயர்த் தட்டுகள் உப்புச் சேற்றில் கிடந்தன. அப்போது நான் மாணவி. அகதி முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றவள். கண்டவர் எங்கள் தட்டச்சாளர் நஸீறா ராத்தா. கறுப்பு உறைகளைக் கத்தரித்து, உள்ளிருந்த கபில வட்டங்களை மழைநீரில் கழுவி, வலை காயப்போடும் கயிற்றில் ஒவ்வொன்றாகக் கொளுவினீர்களாம். கொண்டல் காற்றில் அவை சுழன்றன. “என்ன ஐயா, கருவாடா போடுறீங்க?” என்று ராத்தா கேட்டதற்கு, “ஓம் மகள், ஊரக் காயப்போடுறன்” என்றீர்களாம். முப்பத்தெட்டுத் தட்டுகள் மீண்டும் பேசின. கடுதாசி ஒன்றும் மிஞ்சாத சனம் படியேறி வந்து, தாம் இன்னார், இன்ன வீட்டார் என்று தாங்கள் அச்சிட்ட தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போயிற்று. என் அம்மா சீதேவியும் ஒரு தாள் பெற்றார். அதில் என் அப்பா இருந்தார்: இராசையா, குடும்பத் தலைவர், ஒரு தோணி, மூன்று வலை. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறில் விறகுக்குப் போய்த் திரும்பாதவருக்கு அந்த ஒரு வரிதான் உடம்பு. இரண்டாயிரத்து ஆறில் யுத்தத்துக்கு அஞ்சி வாவிக் கரையோரம் நடந்தே ஊரைவிட்டு ஓடியபோது அந்தத் தாளும் போயிற்று.

இரண்டாயிரத்து ஏழில், பட்டியல் கேட்டுத் துவக்குகளோடு சிலர் வந்தார்கள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் எந்தப் பெயர் இருந்தது, இப்போது எது இல்லை என்று அறிய விரும்பினார்கள். இல்லாத பெயருக்கு அந்த வீடு பதில் சொல்ல வேண்டியிருக்கும். காலடி கேட்டதும் தாங்கள் ஐயாட தட்டை இழுத்துச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு, “மெசின் கடலோட செத்துட்டு” என்றீர்கள். பெயர்த் தட்டுகளை அவர்கள் கொண்டுபோய் வேறு கணினியில் போட்டுப் பார்த்தார்கள், குப்பையெழுத்து, திருப்பி எறிந்துவிட்டுப் போனார்கள். அன்று எத்தனை வீடுகள் காப்பாற்றப்பட்டன என்று எண்ண முடியாது. இந்த மண்டபத்தின் பொன்னாடைகள் அத்தனையும் அந்த ஒரு பொய்க்குப் போதாது ஐயா! இதை நான் அலங்காரத்துக்காக எழுதவில்லை.

இந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. தாய்மார் வரத் தொடங்கினார்கள். காணாமற்போனவரைப் பதியப் போனால், “அப்படி ஓராள் இருந்தாரா? அத்தாட்சி?” என்று கேட்கிறார்களாம். செவ்வாய்தோறும் மேல்மாடி வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள். தாங்கள் அதே வசனத்தைச் சொன்னீர்கள்: மெசின் செத்துட்டு. என் அம்மாவிடமும் சொன்னீர்கள். அம்மா நம்பித் திரும்பினார். நான் நம்பவில்லை. தனியே கேட்டேன். தோற்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “பேர் தாளில வந்தா ஆர்ர கைக்கும் போகும் மகள். நான் போகக்குள்ள அதுவும் என்னோட போகட்டும்” என்றீர்கள்.

அஞ்சியே எங்களைக் காத்தவரே, அந்த அச்சத்தை நான் இகழவில்லை. ஆனால் அன்று கேட்டவர்கள் எங்களைத் தேடியவர்கள். இன்று கேட்பவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுப் பெயரை எங்களிடமிருந்தே காப்பதற்குத் தங்களை யார் நியமித்தார்கள்?

ஆகவே பட்டினியாய்ப் படித்த கணினிப் படிப்பு ஒன்றுக்கு உதவட்டும் என்று, கணினியோடு வந்த பழைய இயங்குதளத் தட்டைப் பெட்டியடியில் தேடி எடுத்தேன். மூன்று வாரம் மதியச் சோற்று நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, பெயர்த் தட்டுகளைத் தடம் தடமாக வாசித்தேன். நான்காம் தடத்திலிருந்து தேடினேன், தலையில்லாத உடம்புகள். கடந்த வியாழன், ஒருவரும் தேடாத முதல் தடத்துக்கு வந்தேன். ஊர்களின் பொருளடக்கம் அங்கே இருந்தது. மூன்று என்றிருந்த எண்ணைத் தாங்கள் பூச்சியமாக்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். இருபது வருடம் இவ்வலுவலகம் காதோடு காது பேசிய இரகசியம் ஒரு பூச்சியம்! நானும் அதை எழுதினேன். பெட்டி முனகியது. பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதுபோல் வந்தார் அப்பா. ஒரு தோணி, மூன்று வலை.

எனவே எனக்குத் தட்டு தேவையில்லை. தாங்கள் தர வேண்டும் என்பதுதான் தேவை. திறந்தவர் என்றும் தங்கள் பெயரே நிற்க வேண்டும். பூட்டியவர் என்று மட்டும் அல்ல.

இப்போது மேல்மாடி வாங்குகளில் எழுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். நான்தான் வரச் சொன்னேன். முழுப் பட்டியலை அச்சிட மாட்டேன். அவரவர் வீட்டுத் தாள் அவரவர் கையில் மட்டும். தங்கள் பயத்திலிருந்து நான் படித்துக்கொண்டது அது. எனது நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்று பிரதம லிகிதர் காலையில் நினைவூட்டினார். ஓம், தெரியும்.

நோயணுகா உடலும், நெஞ்சில் பாரமற்ற நித்திரையும், களுவாஞ்சிக்குடி வீட்டு முற்றத்தில் தென்னங்காற்றும், மக்கள் பேரர் சூழ்ந்த நூறாண்டும் தங்களுக்கு வாய்க்கட்டும் ஐயா! மனதார எழுதுகிறேன்.

கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலைத் தங்கள் கையில் வைத்ததும் நான் போகிறேன். தேநீருக்கு நிற்க மாட்டேன். முற்றத்தைக் கடந்தால் பதினெட்டுப் படி. கணினியின் இடது வாய் ஐயாட தட்டுக்காகத் திறந்தே இருக்கிறது.

இங்ஙனம்,
சமாச ஊழியர்கள் சார்பில்
இ. தக்ஷாயினி, பதிவு உதவியாளர்
எம். நஸீறா, தட்டச்சாளர்
(மற்றையோர் வாசித்த பின் ஒப்பமிடுவதாகச் சொன்னதால் கீழே இடம் விடப்பட்டுள்ளது.)
மட்டக்களப்பு, 30.12.2009