அடுப்படியில் மகளானவள்

எங்கள் படிக்கட்டு செங்குத்து. ஏறி வந்தவர்களுக்கெல்லாம் மூச்சு வாங்கும். குவாயைப் பற்றி விசாரித்து எழுதிக்கொள்ள வந்திருக்கிறீர்கள்; உட்காருங்கள் ஐயா, நிதானமாகச் சொல்கிறேன்.

குவாயை அவளுடைய ஏழு வயதில் வீட்டு வேலைக்கு வாங்கினேன். கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை. ஹாங்காங்கில் அப்போது வசதியான எந்த வீட்டில் அப்படியொரு சிறுமி இல்லை? பிறகு சட்டம் வந்தது. வாங்கிய சிறுமியைப் பதிய வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. நான் பதியவில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் தெருவில் எல்லோரும் செய்ததையே செய்தேன்: மகளாக்கிக்கொண்டேன்.

எங்கள் வழக்கப்படி, தத்துப்பிள்ளை முன்னோர் படையலுக்கு முன் மண்டியிட்டுத் தாய்க்குத் தேநீர் தர வேண்டும். நான் அடுப்படியில் வைத்தே வாங்கிக் குடித்தேன். முன்னோர் முன்னால் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குவாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

சோதனைக்கு வந்த அதிகாரி மிஸ் யிப்பும் எங்களைப் போலச் சீனத்திதான். குவாயின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பொண்ணுங்கறீங்க. கை கல்லு மாதிரி இருக்கே. தழும்பு வேற."

"எம் பொண்ணு வீட்டு வேலை செய்வா, மிஸ். கல்யாணம் காட்சி இல்லாம ஊரார் கதவைத் தட்டிக்கிட்டுத் திரியமாட்டா."

என்னை வெளியே நிற்கச் சொன்னாள். கதவோரம் நின்றேன், பேச்சு கேட்டது.

"பயப்படாத கண்ணு. இவங்க என் எசமானின்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போறேன். பள்ளிக்கூடம் போகலாம்."

"எங்கம்மாவ விட்டுட்டு நான் எதுக்கு வரணும்? தழும்பு, நானே சுடுதண்ணியக் கொட்டிக்கிட்டது."

அது சுடுதண்ணீர் இல்லை. என் கையிலிருந்த அடுப்பு இடுக்கி. அம்மா என்று கூப்பிட மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மற்றதை அவளாகவே சொன்னாள்.

அவளுக்குப் பதினாலு வயதானபோது கடலுக்கு அப்பால் மக்காவ் நகரிலிருந்து ஒருவர் பெண் கேட்டு வந்தார். அவர் நடத்துவது எப்படிப்பட்ட வீடு என்று எனக்குத் தெரியும். அங்கே பெண்களின் அறைகளுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். பரிசப்பணம் வாங்கிக்கொண்டேன். படகுத்துறையில் குவாய் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இன்னும் நல்லா வேலை செய்யறேம்மா."

"பொண்ணுன்னா ஒருநாள் போய்த்தான் ஆகணும்," என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் விற்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. வேலைக்காரியாக இருந்திருந்தால் சட்டத்துக்குப் பயந்து வீட்டோடு வைத்திருப்பேன். மகள் என்பதால்தான் அனுப்பி வைத்தேன்.