பட்டை நிக்காத பெட்டி

தம்பி: இல்லக்கா, நீயே வந்து பாரேன். நேத்து சாயந்திரம் பெட்டியைச் சுத்தி வர ஓரம் முழுக்க பிளாஸ்டிக் பட்டை அடிச்சு முடிச்சேனா இல்லையா? நீகூடக் கையால தடவிப் பார்த்தியே?

அக்கா: பார்த்தேன்... வழவழன்னு இருந்துச்சு.

தம்பி: இப்பப் பாரு. வலது பக்கம் தொங்குது. இடது பக்கம் தொங்குது. அடியில இருந்த துண்டைக் காணவே காணோம்! எனக்கு ஒண்ணுமே புரியலை.

அக்கா: ஒருவேளை எலி...

தம்பி: எலி ஏன்க்கா பிளாஸ்டிக் பட்டையைப் பிடுங்கி அழகாத் தொங்க விடப்போகுது?

அக்கா: எலிக்கும் போரடிக்கும்ல.

தம்பி: விளையாடாத. நாளைக்குக் காலையில பெட்டியை ஏத்திக்கிட்டுப் போக வேன் வருது.

அக்கா: தெரியும்டா. காலையிலேர்ந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கே.

தம்பி: பெட்டி ஏறலேன்னா நானும் ஏற முடியாது. அந்த வெளியூர் கேம் சென்டர் ஓனர் என்ன சொன்னார்? 'வீட்லயே ஒரு வீடியோ கேம் பெட்டி செஞ்சு முடிச்சுக் கொண்டு வா, கை சுத்தமா இருந்தா மெக்கானிக் வேலை உனக்குத்தான்'னார். நாளைக்கு விட்டா அடுத்த வேன் அடுத்த மாசம். அதுக்குள்ள வேற எவனாவது வந்து உக்காந்துட்டா?

அக்கா: உக்காரட்டுமே...

தம்பி: என்னது?

அக்கா: ஒண்ணுமில்லை. நீ மொதல்ல உக்காரு. நின்னுக்கிட்டே கத்தாத.

தம்பி: சுத்தியல் எங்க?

அக்கா: எந்தச் சுத்தியல்?

தம்பி: ரப்பர் சுத்தியல்க்கா. இரும்புல அடிச்சா பட்டை நசுங்கிப் போயிடும். நேத்து பெட்டி மேலதான் வெச்சேன். அதையும் காணோம்.

அக்கா: அதை நான் தொடவே இல்லை. சத்தியமா.

தம்பி: அதைத் தொடலைன்னா... வேற எதைத் தொட்டே?

அக்கா: போலீஸ்காரன் மாதிரி கேக்காத. செருப்பால தட்டேன். உன் பழைய ரப்பர் செருப்பு வாசல்ல சும்மாதானே கிடக்கு.

தம்பி: செருப்பாலயா? என் வேலையே இந்தப் பெட்டியில தொங்குது, அதைச் செருப்பால அடிக்கச் சொல்றே!

அக்கா: ஓனர்கிட்ட யாரு போய்ச் சொல்லப்போறா?

தம்பி: இரு... இரு. ஒருவேளை சூட்டால இருக்குமோ? மூலை வளைவுல பட்டை திரும்ப மாட்டேன்னு அடம் பிடிச்சுதா, உன் ஹேர் டிரையரை வெச்சு சூடாக்கி இழுத்தேன். ஆறினதும் சுருங்கியிருக்கலாம்...

அக்கா: அதான்! அதேதான்! சுருங்கிடுச்சு!

தம்பி: உனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

அக்கா: சந்தோஷமா? யாருக்கு? காரணம் தெரிஞ்சுடுச்சேன்னு சொன்னேன்.

தம்பி: ஆனா சுருங்கினா முனையில கொஞ்சம் இடைவெளி விழும், அவ்வளவுதான். இப்படி உருவிக்கிட்டு வராது. பட்டைக்குப் பின்னாடி பாரு, முள்ளு முள்ளா இருக்கா? பலகை ஓரத்துல காடி வெட்டியிருக்கேன்ல, அந்தப் பள்ளத்துக்குள்ள போனா இது கப்புன்னு கவ்விக்கும். யாராவது நெம்பினாத்தான் வெளிய வரும்.

அக்கா: ஒருவேளை நீ காடியைப் பெருசா வெட்டியிருப்பே.

தம்பி: எல்லாப் பக்கமும் ஒரே பிளேடுலதான் வெட்டினேன். வலது பக்கத்தைப் பாரு, பிளைவுட் பேந்து வந்திருக்கு. கத்துக்குட்டி எவனோ நோண்டின மாதிரி.

அக்கா: ஏன், இடது பக்கம் மட்டும் ஒரு கீறல்கூட இல்லையே? அது என்ன படிச்ச எலியா?

தம்பி: அது... அது எனக்கெப்படித் தெரியும்? ஆமா, இந்த ஸ்பூன் ஏன் வளைஞ்சு கிடக்கு?

அக்கா: எங்க இருந்துச்சு?

தம்பி: பெட்டிக்குப் பின்னாடி.

அக்கா: பழைய ஸ்பூன். அது அப்படித்தான்.

தம்பி: போன வாரம் நானும் நீயும் போய் வாங்கினதுக்கா.

அக்கா: குடு அதை, கழுவி வெச்சுடறேன்.

தம்பி: அக்கா.

அக்கா: ஆமாடா! நான்தான்! வலது பக்கம் நான்தான் பிடுங்கினேன். போதுமா?

தம்பி: நீயா? எதுக்குக்கா?

அக்கா: காலையில பால் வைக்க எழுந்து வந்தேன். ஹால் நடுவுல இது மினுமினுன்னு நிக்குது, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி. ஐயோ, முடிஞ்சு போச்சேன்னு ஆயிடுச்சு. நாளைக்கு இந்த இடம் காலி. நீயும் இருக்க மாட்டே... கையில ஸ்பூன் இருந்துச்சு. என்ன பண்றேன்னு எனக்கே தெரியலை.

தம்பி: நான் எப்படா கிளம்புவேன்னுதான் நீ பார்த்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன். என் துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கே.

அக்கா: நீ போகணும்னு துடிக்கிறேன்னு நினைச்சேன். அதான் மடிச்சேன். மடிக்கறப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

தம்பி: என் ரிப்பேர் கடையை மூடிட்டு, ஒரு வாரம் இருக்கேன்னு சொல்லித்தானே வந்தேன்? அது எங்கேயோ போயிடுச்சு. மாமா வேற தினமும் கேக்கறார், 'எப்ப முடியும் மாப்ளே, ஹால்ல கால் வைக்க இடமில்லை'ன்னு.

அக்கா: என் புருஷனைப் பத்தி எனக்குத் தெரியாதா? சாயந்திரம் வந்ததும் சட்டையைக்கூடக் கழட்டாம உன்னோட இந்தப் பெட்டியில கார் ரேஸ் விளையாடறது, தோத்துப் போறது, உடனே பெட்டியைத் திட்டறது. அவர் பேச்சை விடு. இடது பக்கம் யாரு?

தம்பி: எலி.

அக்கா: டேய்...

தம்பி: நான்தான். தட்டைத் திருப்புளியால... மரம் பேராம.

அக்கா: உன் பெட்டியை நீயேவா? உனக்கென்ன லூசாடா பிடிச்சிருக்கு?

தம்பி: பயமா இருக்குக்கா.

அக்கா: வேலைக்கா?

தம்பி: வேலைக்கு என்ன பயம்? அங்க தனியா எடுத்துத் தங்கப்போற ரூமுக்குத்தான். வேலை முடிஞ்சு வந்தா லைட்டை நானே போடணும். சாப்டியான்னு கேக்க ஆள் கிடையாது. போக மாட்டேன்னு உங்கிட்டச் சொல்லலாம்தான். இந்த வயசுல அக்கா வீட்ல ஒண்டிக்கிட்டு...

அக்கா: வாயை மூடு. ஒண்டறாராம்ல, ஒண்டறாரு!

தம்பி: அழாத.

அக்கா: நான் எங்க அழறேன்? உன் மரத்தூள் கண்ணுல விழுந்துடுச்சு. இங்க பாரு, வேலைதான் முக்கியம். நீ போ. லீவு விட்டா ஓடி வந்துடு. தினமும் ராத்திரி போன் பண்ணி சாப்டியான்னு நான் கேக்கறேன். இப்ப எடு அந்தச் செருப்பை. நான் பட்டையைப் பிடிச்சுக்கறேன், நீ தட்டு.

தம்பி: செருப்புக்கெல்லாம் இது உள்ள இறங்காதுக்கா. சுத்தியல்தான் வேணும். அப்புறம் அந்த அடித்துண்டு. அதை எங்க ஒளிச்சு வெச்சே?

அக்கா: எந்த அடித்துண்டு? நான் வலது பக்கம் மட்டும்தான்.

தம்பி: நான் இடது பக்கம் மட்டும்தான்.

அக்கா: அப்ப அடியில...

தம்பி: நிஜமாவே எலியா?

மாமா: என்ன, ரெண்டு பேரும் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? இன்னும் முடியலையா இந்தச் சனியன்?

அக்கா: வாங்க. ஸ்கூட்டர் சத்தமே கேக்கலையே?

மாமா: நடந்து வந்தேன்.

அக்கா: ஆபீஸ்லேர்ந்தா? சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு!

மாமா: காலையில எப்படியோ மல்லுக்கட்டி ஸ்டார்ட் பண்ணிட்டேன். திரும்பி வரப்ப சாவி உள்ளேயே போகலை. வளைஞ்சிருக்கு. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுட்டேன்.

தம்பி: சாவி எப்படி மாமா வளையும்?

மாமா: வளையும் மாப்ளே. எல்லாம் இப்பத்திய சரக்கு.

அக்கா: இந்த ஸ்பூன் மாதிரியா?

மாமா: அதுவும் வளைஞ்சிருச்சா? பார்த்தியா, நான் சொல்லலை? சரி, சாப்பிட என்ன இருக்கு?

அக்கா: பேச்சை மாத்தாதீங்க. காலையில இந்தப் பெட்டிக்கிட்ட குனிஞ்சு என்னமோ பண்ணிக்கிட்டிருந்தீங்க. கேட்டதுக்கு ஷூ லேஸ் கட்டறேன்னீங்க. நீங்க போட்டிருக்கறது செருப்பு.

மாமா: ஃபேனைப் போடு, ஒரே புழுக்கமா இருக்கு.

தம்பி: மாமா?

மாமா: ரெண்டு பேரும் அப்படிப் பார்க்காதீங்க. இவன் போயிட்டா நான் சாயந்திரம் யார்கிட்டத் தோக்கறது? தோத்துட்டு யாரைத் திட்டறது? உன்னைத் திட்ட முடியுமா?

அக்கா: அதானே பார்த்தேன்!

தம்பி: மாமா... சுத்தியல்?

மாமா: ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இருக்கு. அந்தத் துண்டும் அதோடதான் இருக்கு.

அக்கா: அதைத் திறக்கற சாவியை வெச்சுத்தானே இதை நெம்பி வளைச்சீங்க!

தம்பி: இன்னொரு சாவி இருக்குமே, மாமா?

மாமா: இருக்கு மாப்ளே, பத்திரமா எங்கேயோதான் வெச்சிருக்கேன்... நாளைக்கு வேன் போனப்புறம்தான் எங்கன்னு ஞாபகம் வரும்.